தோல்வி காணாத தென்னூர்

செபஸ்தியானை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் தென்னூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நாட்டின் பெருமையை ஓர் அலுவலருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உலகக் கோப்பை ஃபுட்பால்ல இந்தியா இதுவரைக்கும் ஒரு மேட்ச்கூட தோத்ததில்ல. தெரியுமா சார்?"

அலுவலர் பீமராவ் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் சாதனைப் பராமரிப்பு அலுவலகத்தின் கூடுதல் இணை அலுவலர். ஊரெங்கும் சாதனைக் காய்ச்சல் அடிக்கிற காலம் இது. கண்ணைக் கட்டிக்கொண்டு தோசை சுட்டாலும் கழுத்தில் மெடல் விழுகிறது. அந்த வேகத்தில்தான் அந்த அலுவலகமும் திறக்கப்பட்டது. நாற்காலி வந்தது, சீல் வந்தது. பராமரிக்கச் சாதனைதான் ஒன்றும் வந்து சேரவில்லை.

"ஒன்றுகூடவா?"

"ஒரு கோல்கூட வாங்கினதில்ல சார். ஐம்பதாம் வருஷம் பிரேசில்ல நடந்துச்சு. நமக்கு இடம் இருந்துச்சு, நாம போகல. அப்புறம் போற மாதிரி ஆடவும் இல்ல. போனாத்தானே தோக்கறதுக்கு?"

நான் சிரித்துவிட்டேன். மனைவி போனபின் எனக்குக் காலைக் காபியும் அன்றைய சிரிப்பும் அந்தக் கடையில்தான். பீமராவ் சிரிக்கவில்லை.

"ரெண்டாயிரத்துப் பத்துல பாருங்க," என்று செபஸ்தியான் தொடர்ந்தார். "கப்பு ஜெயிச்ச ஸ்பெயினே ஒரு மேட்ச் தோத்துச்சு. தோக்காத ஒரே டீம் நியூசிலாந்து. மூணு மேட்ச், மூணும் டிரா. முதல் ரவுண்டோட மூட்டையைக் கட்டிட்டாங்க."

"அப்படியானால் வெற்றியைவிட அரியது தோற்காமை," என்றார் பீமராவ்.

"அதேதான் சார்," என்று சொல்லி, செபஸ்தியான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மறுநாள் காலை நெஞ்சுவலி. ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த வாரமே எங்கள் வார்டு மைதானத்தின் கேட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு போர்டு: 'தோல்வி காணாத மைதானம். சாதனையின் நலன் கருதி இங்கு விளையாடுவது தடைசெய்யப்பட்டுள்ளது.'

அந்த மைதானத்தில் பழகிக்கொண்டிருந்தது தென்னூர் பெண்கள் ஃபுட்பால் டீம். ஆரம்பித்துச் சில மாதம்தான், வெளி டீமோடு இன்னும் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. ஆகவே தோற்கவும் இல்லை. கேப்டன் லின்சி, செபஸ்தியானின் மகள். அடுத்த மாதம் மாநில டீமுக்கு செலக்‌ஷன். வயசு வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. நான் அவளோடு பீமராவைப் பார்க்கப் போனேன்.

"பூட்டைத் திறங்க சார். பழகறதுக்கு வேற இடம் இல்ல."

"ஆடினால் தோற்க வாய்ப்பு உண்டா?"

"ஆட்டம்னா இருக்கத்தானே செய்யும்."

"ஒப்புக்கொள்கிறீர்கள்."

"ஜெயிக்கவும் வாய்ப்பு இருக்கு சார்!"

"வெற்றிகளைக் கவனிக்கும் பிரிவு மாடியில் இருக்கிறது. இன்னும் ஆள் போடவில்லை."

லின்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். "எங்கப்பா விளையாட்டுக்குச் சொன்னது சார் அது."

"ஆமாம். விளையாட்டுக்குச் சொன்னதால்தான் விளையாட்டுத் துறையில் அமல்படுத்தியிருக்கிறோம். சொன்னவரே நேரில் வந்து மறுத்தால் மறுபரிசீலனை செய்யலாம்."

"அவர் இறந்துட்டார் சார்."

பீமராவ் எழுந்து நின்றார். "ஆழ்ந்த இரங்கல்." உட்கார்ந்தார். "அப்படியானால் இது இனி மறுக்க முடியாத கருத்து."

"நான் பக்கத்துலதான் சார் இருந்தேன்," என்றேன். "அது கேலி."

"அப்போதே ஆட்சேபித்தீர்களா?"

"சிரிச்சேன்."

"சிரிப்பை ஆட்சேபணையாக ஏற்க விதியில்லை."

படியிறங்கும்போது லின்சி சட்டென்று நின்றாள். "அங்கிள், சாதனை இருந்தாத்தானே பூட்டு? ஒரு மேட்ச் தோத்துட்டா?"

"தோத்துட்டா என்னத்தைப் பராமரிப்பாரு?"

"ஸ்ரீரங்கம் டீமோட ஆடறோம். அந்தாளு கண்ணு முன்னாடியே தோக்கறோம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொள்ளிடத்து மணலில் மேட்ச். பீமராவ் சிறப்புப் பார்வையாளர். தென்னூர்க்காரர்கள் நாங்கள் பஸ் பிடித்துப் போயிருந்தோம், மனசாரத் தோல்வியை வேண்டி. ரெஃப்ரி டிரில் மாஸ்டர் ஜெபராஜ் விசில் ஊதினார். லின்சி பந்தை எடுத்தாள், திரும்பினாள், சொந்த கோலுக்குள்ளேயே அடித்தாள். எங்கள் கோல்கீப்பர் பவித்ரா மரியாதையாக விலகி வழிவிட்டாள். நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த நிமிஷம் ஸ்ரீரங்கம் கேப்டன் யாழினி பந்தை எடுத்தாள். அவளும் திரும்பினாள்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. தென்னூருக்கு வந்த பெருமை ஸ்ரீரங்கத்துக்கு வேண்டாமா என்று அங்கே ஒரு குழு மனுக் கொடுத்து, அவர்கள் மைதானத்தையும் பூட்ட வைத்திருந்தது. அவர்களுடையதும் இன்னும் தோற்காத டீம்; அவர்களும் தோற்க வந்தவர்கள்.

அதன்பிறகு நடந்ததை நான் எந்த டிவியிலும் பார்த்ததில்லை. எங்கள் பெண்கள் ஸ்ரீரங்கத்து கோலைக் காவல் காத்தார்கள். ஸ்ரீரங்கத்துப் பெண்கள் எங்கள் கோலை உயிரைக் கொடுத்துக் காத்தார்கள்.

"எங்க கோல்ல உனக்கு என்னடி வேலை?" என்று லின்சி கத்தினாள்.

"நீ தோக்கறதை எப்படி விடுவேன்? எங்க கிரவுண்டுலயும் பூட்டு இருக்கு," என்றாள் யாழினி.

என் பக்கத்தில் நின்ற ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர், "ஓய், எந்தப் பக்கம் கோல் விழுந்தா நாம சந்தோஷப்படணும்?" என்று கேட்டார். எனக்கும் குழப்பமாக இருந்தது. ஜெபராஜ் ரூல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சொந்த கோலில் அடிக்கத் தடையில்லை என்று அறிவித்தார்.

ஆறுக்கு ஆறு. ஜெபராஜ் வாட்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். லின்சி, யாழினியை ஏமாற்றி விலகி, எங்கள் கோலுக்கு நேராக வந்துவிட்டாள். இந்த ஒன்று உள்ளே போனால் போதும். பூட்டு திறக்கும். அவள் ஓங்கி அடித்தாள்.

"புடி!" என்று கரையில் ஒரு குரல் எழுந்தது. "புடி, பவித்ரா!" என்று எல்லாக் குரல்களும் சேர்ந்துகொண்டன.

பவித்ரா பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மணலில் விழுந்தாள். இரண்டு ஊரும் துள்ளிக் குதித்தன. ஜெபராஜ் கடைசி விசிலை ஊதிவிட்டார்.

"நியூசிலாந்து!" என்று பீமராவ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இரு அணிகளும் தோல்வி காணாதவை. இரு பூட்டுகளும் நீடிக்கும்."

லின்சி பவித்ராவின் முன்னால் போய் நின்றாள். "ஏண்டி புடிச்ச?"

"எல்லாரும் புடி புடின்னாங்கடி. கை தானா போயிடுச்சு."

லின்சி கரையைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் ஆற்றைப் பார்த்தோம். "நீங்களுமா அங்கிள்?" என்றாள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

செலக்‌ஷன் முடிந்துவிட்டது. லின்சி பெயர் லிஸ்டில் இல்லை. போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பூட்டு போட்ட அன்று உள்ளே மாட்டிக்கொண்ட பந்து, செபஸ்தியான் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது, கோல் போஸ்டை ஒட்டிக் கிடக்கிறது. கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்தால் தெரியும்.