ரிசல்ட் மாஸ்டரும் பீட்ரூட்டும்

ஒரு சமையற்காரர் கேட்கக்கூடாத இடத்தில், கேட்கக்கூடாத நேரத்தில், கேட்கக்கூடாத கேள்வியைத் தினமும் கேட்டு, அப்படியும் யாரிடமும் அடி வாங்காமல் பிழைத்திருக்கிறார் என்றால், ஒரகடம் வட்டாரத்திலேயே அது அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அவருடைய சொந்தப் பெயர் எனக்கே சட்டென்று வாயில் வராது. எங்களுக்கு அவர் ரிசல்ட் மாஸ்டர்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு வந்து, காருக்கு சீட் மாட்டும் லைனில் நான் சேர்ந்திருந்த சமயம். வல்லம் வடகாலில் கம்பெனிப் பையன்கள் தங்கும் விடுதியில் வாசம். அந்த விடுதி மெஸ்ஸுக்கு மண்ணூர்க்காரரான இவர்தான் மாஸ்டர். மற்ற மெஸ்களில் சோற்றைப் போட்டுவிட்டு "எப்படி இருக்கு தம்பி" என்று முகத்தைப் பார்ப்பார்கள். இவர் பார்க்கமாட்டார். நாமாகப் போய் "சாம்பார் அருமை மாஸ்டர்" என்று சொன்னாலும் காதில் வாங்கமாட்டார்.

"நாக்கு மொகதாட்சண்யம் பாக்கும்பா. வயிறு பாக்காது. நாளிக்கி காலைல சொல்லு."

மறுநாள் காலை ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கக்கூஸ் வரிசை நீண்டிருக்கும். கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில், தோளில் துண்டோடு மாஸ்டர் நின்றிருப்பார். கதவு திறந்து ஆள் வெளியே வந்தவுடன் கேள்வி வரும்.

"ரிசல்ட் இன்னா?"

புதிதாக வந்தவன் திருதிருவென்று முழிப்பான். பழையவன் "ஓகே மாஸ்டர்" என்று நழுவப் பார்ப்பான். மாஸ்டருக்கு வெறும் ஓகே பத்தாது. அவருடைய தரக்கட்டுப்பாடு எங்கள் கம்பெனியைவிடக் கறார். வாழைப்பழம் மாதிரி வந்தால் பாஸ். ஆட்டுப் புழுக்கை என்றால் ரீவொர்க். கூழ் என்றால் ஹோல்டு, அன்று முழுக்க அவனுக்கு மோர்சாதம்தான். இந்த வார்த்தைகளையெல்லாம் எங்களிடமே கற்றுக்கொண்டு எங்கள் மேலேயே பிரயோகித்தார்.

"புயுக்கையா? மாத்தி நிக்க ரிலீவர் வராம லைன வுட்டு ஒண்ணுக்குப் போவ முடியாதுன்னு தண்ணியே குடிக்கிறதில்ல, அதானே? எயுந்ததும் ஒரு சொம்பு குடி. மத்தியானம் வாயத்தண்டு போட்றேன்."

என் அறைத்தோழன் செல்வம், ராமநாதபுரத்துக்காரன், ஒருநாள் கவலையோடு வந்து நின்றான். "மாஸ்டர், நேத்து தின்ன மக்காச்சோளம் அப்படியே முழுசா வந்துருக்கு."

"வராம? நீ துன்ற வேகம் அப்டி. வாயில பல்லு கீது, வயித்துல கீதா?"

மிதக்கிறதா, முழுகுகிறதா என்று வேறு கேட்பார். மிதக்கிறது என்று சொன்னால் போதும், முந்தின நாள் நாம் மெஸ்ஸுக்கு டேக்கா கொடுத்துவிட்டு ரோட்டுக் கடையில் எண்ணெய் மிதக்கும் சால்னாவோடு பரோட்டா அடித்தது வெளியே வந்துவிடும். "இங்க சோறு கீது. நீ அங்க போயி எண்ணெயக் குடிச்சிட்டு வர்ற" என்று சாயங்காலம் வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார். கள்ளக்காதலைக்கூட அந்த விடுதியில் மறைத்துவிடலாம், பரோட்டாவை மறைக்க முடியாது.

ஒருமுறை ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். என் அப்பா என்னிடம் இதுவரை பேசியதையெல்லாம் எழுதினால் ஒரு பக்கம் தேறாது. அவ்வளவு இறுக்கமான மனிதர். காலையில் அவர் கக்கூஸ் கதவைத் திறந்து வருவதைப் பார்த்ததும் குழாயடிக்கு ஓடினேன். தடுப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"பெரியவரே, ரிசல்ட் இன்னா?"

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். செத்தோம் என்று நினைத்தேன்.

"என்னத்தச் சொல்ல. ரெண்டு நாளா ஒழுங்கா இல்லங்க" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. குழாயடியில் இரண்டு பேரும் குந்திக்கொண்டு மலச்சிக்கலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். ஊருக்குப் போனபிறகும் அப்பா போன் செய்தால் என்னை விசாரிப்பதற்கு முன் மாஸ்டரைத்தான் விசாரிப்பார்.

பீட்ரூட் கதைக்கு வருகிறேன். மெஸ்ஸில் முதல்முறை பீட்ரூட் பொரியல் போட்டதற்கு மறுநாள் செல்வம் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "ரத்தமாப் போகுதுண்ணே" என்றான் என்னிடம். அம்மாவுக்குப் போன் போட்டு, தங்கச்சியை நன்றாகப் படிக்கவை என்று சொல்லுமளவுக்குப் போய்விட்டான். மாஸ்டர் போனைப் பிடுங்கினார்.

"நேத்து பொரியல எத்தினி வாட்டி வாங்கின?"

"மூணு வாட்டி."

"அப்பறம் இன்னா, மல்லிப்பூ கலர்லயா வரும்? போடா, போயி பஸ்ஸப் புடி."

அதன்பிறகு சில மாதங்கள் கழித்து மாஸ்டருக்கு பீட்ரூட் பைத்தியம் பிடித்தது. பொரியல் போய்க் கூட்டு வந்தது, கூட்டு போய் சாம்பார் வந்தது, ஒருநாள் சப்பாத்தியே ரோஜா நிறத்தில் வந்தது. விடுதியே கொதித்துப்போனது. "கண்ணு மூடுனா செகப்பாத் தெரியுது மாஸ்டர்" என்று செல்வம் அழாத குறை. "ரத்தம் ஊறும், துன்னுங்கடா" என்பதோடு அவர் முடித்துக்கொள்வார். அவர் மட்டும் தட்டு நிறையப் போட்டுக்கொள்வார். ஆனால் ரத்தம் ஊறிய ஆளாக அவர் தெரியவில்லை. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயசாகிறது என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

அப்புறம் நல்ல மழை. காய்கறி வண்டி வரவில்லை. இருந்ததை வைத்து ஒருநாள் புடலங்காய், மறுநாள் வெண்டைக்காய் என்று ஓட்டினார். பீட்ரூட் ஒழிந்ததில் பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். அதற்கு அடுத்த நாள் காலை நான் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மாஸ்டரே வெளியே வந்தார். கிடைத்தது வாய்ப்பு என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மாதிரியே நின்றேன்.

"ரிசல்ட் இன்னா மாஸ்டர்?"

அவர் சிரிக்கவில்லை. குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"செவப்பு. பீட்ரூட்டுதான்."

"நேத்து போட்டது வெண்டக்காதான மாஸ்டர். முந்தாநாள் புடலங்காய்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் மனிதர் பீட்ரூட் சமைத்தது எங்களுக்காக இல்லை. சிவப்புக்கு ஒரு காரணம் வேண்டுமென்று சமைத்திருக்கிறார். வாயில் இருந்த பேஸ்ட்டைத் துப்பக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"எத்தன நாளா மாஸ்டர்?"

"மொதல்ல நெசமாவே பீட்ரூட்டுன்னுதான் நெனச்சேன். அப்பறம், பீட்ரூட்டாவே இருக்கட்டும்னு நெனச்சேன்." குழாயை மூடினார். "நான் எல்லாரயும் கேக்கறேன். என்னிய யாரும் கேட்டதில்லபா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது.

"எங்கள்ல ஒருத்தன் இப்படி மறைச்சிருந்தா என்ன செய்வீக?"

"காதப் புடிச்சி ஆஸ்பத்திரிக்கி இட்னு போயிருப்பேன்."

"அப்பக் கெளம்புங்க."

"மத்தியானச் சோறு?"

"பட்டினி கெடக்கோம்."

"பட்டினி கெடந்தா நாளிக்கி உங்க ரிசல்ட்டு" என்று ஆரம்பித்தவரை நிஜமாகவே காதைப் பிடித்துத்தான் பைக்கில் ஏற்றினேன்.

குடலில் ஒரு கட்டி. முற்றவில்லை, ஆனால் இன்னும் கொஞ்ச நாள் பீட்ரூட் என்று சொல்லிக்கொண்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் என்றதும் மாஸ்டர் பயந்தார். எங்களில் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள், கக்கூஸ் வரிசையில் நிற்பவர்களைவிட அதிகம்.

ஆபரேஷன் முடிந்த பின் நர்ஸ் தினமும் காலையில் வந்து, "காத்து பிரிஞ்சுதா? மோஷன் போச்சா?" என்று கேட்டிருக்கிறார். மாஸ்டருக்கு ஒரே பூரிப்பு. "இன்னா ஒயுங்கா கேக்குது பாத்தியா அந்தப் பொண்ணு. வெச்சா இந்த மாதிரி ஆளத்தான் வேலக்கி வெக்கணும்" என்றார் என்னிடம். ஆனால் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லமுடியாமல் அவர் படுத்துக் கிடந்ததுதான் எங்களுக்குக் கவலை. அது நல்லபடியாகப் போனால்தான் வெட்டித் தைத்த குடல் சேர்ந்துவிட்டதாக அர்த்தம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு காலையில் நைட் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு கும்பலாகப் போய்க் கட்டிலைச் சுற்றி நின்றோம். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. செல்வம்தான் கேட்டான்.

"மாஸ்டர், ரிசல்ட் இன்னா?"

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"வாயப்பயம்" என்றார்.

வார்டென்றும் பாராமல் கைதட்டினோம். நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே துரத்தினார்.

இப்போது நான் குன்றத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறேன். மாஸ்டர் மறுபடியும் அதே மெஸ்ஸில்தான் இருக்கிறார். பீட்ரூட்டுக்கு மட்டும் பையன்கள் தடை போட்டுவிட்டார்கள். தினமும் காலையில் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் போன் செய்வேன். கேள்வியைக் கேட்டதும் அடுப்படியிலிருந்து என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். அந்தப் பக்கமிருந்து "பாஸ்பா" என்று குரல் வந்தபிறகுதான் எனக்கு டீ இறங்கும்.