தூக்கம் படுத்திய பாடு

"என்னது, படுத்துடறாளா? கிளாஸ்லயா?"

போனை ஒரு காதிலும் விரலை மறு காதிலும் வைத்துக்கொண்டு கத்தினார் தச்சர். பட்டறையில் மரம் அறுக்கும் மெஷின் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா சார், தினமும்!" என்றார் மகளின் வகுப்பு டீச்சர். "பக்கத்துல உட்கார்ற பிள்ளைங்களையும் விடறதில்ல. எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

தச்சர் மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, பட்டப்பகலில், பாடம் நடக்கும்போது படுத்துவிடுகிறாள் என்றால் அது சாதாரணத் தூக்கமா? மூளையில்தான் ஏதோ கோளாறு. இருப்பதோ ஒரே மகள். டாக்டர் என்றாலே பயப்படுகிற மனிதர், ஆகவே முதலில் நாமே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். இதுதான் வினை.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். "குட்டிக்குத் தூக்கம் ஜாஸ்தி. குறைக்கணும்."

"தூக்கமா? இவளுக்கா?" மனைவி சிரித்தேவிட்டாள். "ஒரு இடத்துல நிக்கமாட்டாளே இவ."

"வீட்டுல ஆடிட்டு அங்க போய் படுத்துடறா. தூக்கம் இருக்கே, செல்லம் குடுத்தா வளரும். இனிமே சாயங்காலத் தூக்கம் கிடையாது."

சாயங்காலத் தூக்கம் போயிற்று. காலையில் கோழிக்கு முன்னால் குட்டியை எழுப்பி, வீட்டைச் சுற்றி ஓடவிட்டார். குட்டிக்கு ஒரே கொண்டாட்டம்.

மறுபடியும் போன். மறுபடியும் மெஷின்.

"முன்னைக்கு இப்ப ரொம்ப மோசம் சார்! என்னையே படுத்தறா!"

தச்சர் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினார். "டீச்சரையும் படுக்க வெச்சிட்டாளாம்! இது ஒட்டுவாரொட்டிடி!"

"டீச்சர் ஏங்க படுக்கணும்?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்! காபி போடு. நல்லா திக்கா."

"ஏங்க, பச்சப் பிள்ளைக்குக் காபியா?"

"மருந்துன்னு நெனச்சுக்கோ."

குட்டி மருந்தை நாக்கால் வழித்துக் குடித்தாள். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். பட்டறைக்கும் கூடவே வந்து, பூட்டும்வரை மரத்தூளில் குதித்தாள். தூக்கம் கிட்டவே வரவில்லை என்று தச்சருக்குப் பரம திருப்தி.

அந்தத் திருப்திக்கும் ஆயுசு கம்மி. "டாக்டர்கிட்ட காட்டாம இனிமே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீங்க சார்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். தச்சர் அன்று சாப்பிடவே இல்லை.

குழந்தைகள் டாக்டரம்மா குட்டியின் கண்ணைப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார். அதற்குள் குட்டி சுழல் நாற்காலியில் சுற்றி, எடை மெஷினில் ஏறிக் குதித்து, டாக்டரம்மாவின் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு அவருக்கே வைத்தியம் பார்த்தாள்.

"இதுவா தூங்கி வழியற குழந்தை?" டாக்டரம்மா டீச்சருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இங்கே மெஷின் இல்லை.

"படுத்துடறாளா? யாரு சொன்னது?" டீச்சரின் குரல் கணீரென்று வந்தது. "அவ உட்கார்ந்தே நான் பார்த்ததில்ல மேடம்! படுத்தறா, படுத்தறா! பாடாப் படுத்தறா!"

மனைவி தச்சரை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்குப் போனால் கச்சேரிதான்.

தச்சருக்கு அதெல்லாம் உறைக்கவேயில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "அப்ப மூளையில ஒண்ணும் இல்லையே டாக்டர்? வெறும் சேட்டைதானே?"

"மூளை கெட்டிக்கார மூளை. ராத்திரி எப்பத் தூங்கறா?"

"எங்க தூங்கறா?" என்றாள் மனைவி. "இவர் நடுராத்திரி பட்டறையைப் பூட்டிட்டு வர்றவரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டு இருப்பா. அப்பா வந்தாத்தான் படுப்பேன்னு எப்பவுமே அடம். பத்தாததுக்கு இப்பப் பட்டறையில ஆட்டம், காபி வேற."

"அதை விடும்மா" என்றார் தச்சர், குட்டியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு. "என் காதுதான் கோளாறு, டாக்டர். தூக்கம் தூக்கம்னு பைத்தியமா அலைஞ்சிட்டேன். தூக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே தன் ஸ்டெதாஸ்கோப்பைக் குட்டியிடமிருந்து மீட்டார்.

"உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல சார். தூக்கம் பத்தலைன்னா பெரியவங்க படுத்துடுவாங்க, குழந்தைங்க படுத்துவாங்க."