பேனாவை எழுப்பிய சாமியார்

1988 தை பிறந்ததிலிருந்து, ராஜபாளையத்தில் இருந்து அய்யனார் கோவில் போகும் பாதையில் நிற்க இடமில்லை. பாதையோரக் கொட்டகையில் இருளப்பசாமி பேனாக்களை எழுப்பிக்கொண்டிருந்தார். பேனாவை நெற்றியில் வைப்பார், கண்ணை மூடுவார், "முழிச்சிருச்சு" என்பார். அதன் பிறகு பரீட்சையைப் பேனாவே பார்த்துக்கொள்ளும். சில பேனாக்கள் விடாமல் தூங்கும். அவற்றுக்கு இன்னொரு பூசை, இன்னொரு தேங்காய். பேனாவையும் பக்கத்துக் கடையில்தான் வாங்க வேண்டும். கடை சாமியாரின் மைத்துனருடையது. பஜாரில் கிடைக்கும் அதே நீலப் பேனாதான், விலைக்கு மட்டும் ஞானம் கூடியிருந்தது.

ஒன்பதாம் வகுப்பு மாடத்தியின் பேனா மூன்று முறை தூங்கியது. அவள் அப்பா சங்கிலிப்பாண்டி பேண்டேஜ் துணி நெய்பவர். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தறியில் உட்கார வைக்கப்போவதாகக் கணக்கு டீச்சர் காஞ்சனாவிடம் வந்து சொன்னார். காஞ்சனா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். அவள் வாதாடவில்லை. ஒன்றரை மாதம் மட்டும் தவணை கேட்டாள்.

அன்றே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதினாள்: மாடத்திக்கு மார்க் எங்கே போகிறது? பழைய விடைத்தாள்களைப் புரட்டினாள். எல்லாம் பின்னக் கணக்கில் போயிருந்தது. பாதி வகுப்புக்கும் அதே கதைதான். தினமும் பத்துக் கணக்கு வீட்டில் போட்டு வரச் சொன்னாள். இரண்டு வாரமாகியும் மார்க் அசையவில்லை. பலிக்கவில்லை என்பதையும் நோட்டில் எழுதினாள். சாமியார்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது.

பிறகு பிள்ளைகளையே கேட்டாள்.

"நாலுல மூணுன்னா அது எம்புட்டுன்னு கண்ணுக்குத் தெரியமாட்டேங்குது டீச்சர்" என்றாள் மாடத்தி.

மறுநாள் மாடத்தி வீட்டிலிருந்து கழிவுத் துணி வந்தது. நாற்பது பிள்ளைகளும் அதை நாலாக, எட்டாக மடித்துப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சின்னப் பரீட்சை. மூன்றாம் வெள்ளியில் மாடத்தி பத்துக்கு ஏழு வாங்கினாள்.

சங்கிலிப்பாண்டிக்குச் சந்தோஷம். நாலாவது பூசையில் சாமி பேனாவை எழுப்பிவிட்டாராம். பத்தாம் வகுப்பில் அது மறுபடி தூங்கும் என்றும் சொல்லிவிட்டாராம். அதனால் தறிதான் என்றார்.

வேலை செய்தது துணியா, பேனாவா என்று நூறு மார்க் பரீட்சை ஒன்று வைத்துப் பார்த்துவிடக் காஞ்சனா முடிவு செய்தாள். சாமியார் எழுப்பிய பேனா இருபது, பஜார் பேனா இருபது. டிராயிங் வாத்தியார் சக்ரபாணி அவற்றில் எண் ஒட்டி, கலைத்துக் கொடுத்துவிட்டு, பட்டியலைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுதியவர்களுக்கும் தெரியாது, திருத்திய காஞ்சனாவுக்கும் தெரியாது. திருத்தி முடித்த பிறகு பட்டியலைப் பிரித்தார்கள். சாமியார் பேனாக்களின் சராசரி நாற்பத்தேழு. பஜார் பேனாக்களின் சராசரி நாற்பத்தெட்டு. மாடத்தி வாங்கியது அறுபத்தொன்று, பஜார் பேனாவில்.

சங்கிலிப்பாண்டி நோட்டை வாங்கி இரண்டு சராசரியையும் விரல் வைத்துப் படித்தார்.

"இதே மாதிரி சாமிக்கும் தெரியாம வச்சுக் கேட்டா என்ன டீச்சரம்மா?"

"கேளுங்களேன்" என்றாள் காஞ்சனா.

ஞாயிற்றுக்கிழமை அவளும் கூடப் போனாள். சங்கிலிப்பாண்டி வரிசையில் நின்று, முறை வந்ததும் பத்துப் பேனாக்களைத் தட்டில் வைத்தார். ஏற்கெனவே எழுப்பினதும் எழுப்பாததும் கலந்துவிட்டது, பிரித்துத் தர வேண்டும் என்றார். சாமியார் ஒவ்வொன்றாக நெற்றியில் வைத்தார். ஏழு தாம் எழுப்பியவை, மூன்று தூங்குகின்றன என்றார்.

"பத்தையும் இன்னைக்குக் காலையிலதான் பஜார்ல வாங்குனேன் சாமி" என்று சங்கிலிப்பாண்டி பில்லை நீட்டினார்.

சாமியார் அசரவில்லை. பஜாரில் வாங்கும்போதே தம் அருள் அங்கு போய்விட்டதாக விளக்கினார்.

வரிசையில் இருந்த அய்யம்மாள் இடுப்பில் வைத்திருந்த தேங்காய்க் கூடையை இறக்கினாள். "அருளு பஜாருக்கே வருதுன்னா, நாங்க எதுக்குய்யா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வாரோம்?"

சாமியார் அடுத்த பேனாவுக்குக் கையை நீட்டினார். வரிசை பஸ் நிறுத்தத்தைப் பார்த்துத் திரும்பியது. மைத்துனர் கடையை மூடினார்.

மாடத்தி பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். தறியில் சங்கிலிப்பாண்டியே உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது வத்திராயிருப்புப் பக்கம் ஒருவர் அழிரப்பரை மந்திரித்துத் தருகிறாராம், நல்ல கூட்டமாம். போகிறவர்கள் போகலாம். கடையில் வாங்கிய ரப்பர் ஒன்றையும் கலந்து எடுத்துப் போங்கள். கூடவே மூளையையும்.