பலாப்பழத்துக்குள்ள மாட்டின ஜப்பான் ரம்பம்

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பக்கத்து வீட்டுக்குப் போன எங்க அருவாளைத் திருப்பி வாங்கிட்டு வரணும். ஒரு பலாப்பழத்தை ரெண்டா வெட்டணும். பாதி எங்களுக்கு, பாதி பக்கத்து வீட்டு சரசு அக்காவுக்கு.

அவ்வளவுதான்.

பழம் வடகாட்டுலேருந்து வந்தது. என் வீட்டுக்காரி செல்விக்கு அதுதான் பொறந்த ஊரு. அவ தம்பி கருப்பையா முதல் நாளே பைக்ல கட்டிக்கிட்டு வல்லத்திராக்கோட்டைக்கு வந்து, எங்க வாசல்ல இறக்கிட்டான். வாசம் தெருவையே தூக்குது.

"பதினோரு மணிக்கு எனக்கு ஜப்பான்லேருந்து போன் வரும் செல்வி, இன்னைக்குப் போயி..."

"இப்ப மணி பத்து. ஒரு பழத்தை வெட்ட ஒரு மணி நேரமா?"

ஆகும்னு அப்ப எனக்குத் தெரியாது.

ஜப்பான் கதையைச் சொல்லிடுறேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். அதுக்கும் ஜப்பானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனா பழைய ஜப்பான் கை ரம்பம் சேர்க்கிறது எனக்கு ஒரு பைத்தியம். மொத்தம் பதினாலு இருக்கு. மரவேலை தெரியுமான்னு நீங்களும் கேக்காதீங்க. செல்வி தினமும் கேக்குறா.

"பதினாலு ரம்பம் வச்சிருக்கீங்களே, ஒரு தென்னமட்டைய அறுத்திருக்கீங்களா?"

"அதெல்லாம் அறுக்கிறதுக்கு இல்ல செல்வி."

"பெறகு ரம்பம்னு எதுக்குப் பேரு?"

இந்த இடத்துல நான் வழக்கமா தண்ணி குடிக்கப் போயிடுவேன்.

பதினாலாவது ரம்பம் ஜப்பான்ல ஒரு பெரியவர் அனுப்பினது. இன்டர்நெட்ல ரம்பப் பைத்தியங்களுக்குன்னு ஒரு குரூப் இருக்கு, அதுல பழக்கம். அவர்கிட்ட ஒரே கொல்லர் அடிச்ச ஜோடி ரம்பம் இருந்துச்சு. வயசாயிருச்சு, நல்லா வச்சுக்கிறவங்களாப் பாத்துக் கொடுத்துட்டு இருக்கார். ஒண்ணை எனக்கு அனுப்பிட்டு, "இதை எப்படி வச்சிருக்கீங்கன்னு என் கண்ணால பாக்கணும். அப்புறம்தான் மத்தது"ன்னு எழுதினார். அந்தப் பரீட்சைதான் பதினோரு மணி வீடியோ கால்.

"குழந்தை மாதிரி வச்சிருக்கேன் ஐயா"ன்னு பதில் போட்டிருந்தேன். பொய் இல்லைங்க. அந்த ஜோடியைச் சேர்த்து வச்சுப் பாக்கணும்னு ஆறு மாசமா எனக்கு ஒரே ஏக்கம்.

காகிதம் மாதிரி மெலிசான தகடு. ரெண்டு ஓரத்துலயும் பல்லு. நம்ம கடையில வாங்குற ரம்பம் தள்ளும்போது அறுக்கும், இது இழுக்கும்போது அறுக்கும். முரட்டுத்தனமாத் தள்ளினா வளைஞ்சிரும். ஒரு தடவை வளைஞ்சா பழையபடி நிமிர்த்துறது கஷ்டம். கைப்பிடி ஓரத்துல அந்தக் கொல்லர் தன் பேரை உளியால வெட்டியிருக்கார். துரு பிடிக்காம இருக்க வாரா வாரம் எண்ணெய் தடவி பீரோவுல வைப்பேன். அன்னைக்கு மட்டும் அந்தப் பேரு போன்ல பளிச்சுன்னு தெரியட்டும்னு, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம துடைச்சு மேசை மேல வச்சிருந்தேன்.

இதை ஞாபகம் வச்சுக்கங்க.

இப்ப அருவா வாங்கப் போகணும். சரசு அக்கா வீட்டுக்குப் போனா சுலபத்துல திரும்ப முடியாது. அவங்க பேரன் பரீட்சை, மோட்டார் ரிப்பேரு, முழங்கால் வலி, எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் வரணும். மேசையைப் பாத்தேன். ரம்பம் மினுங்குது.

"செல்வி! அருவா எதுக்கு? தென்னமட்டை அறுத்தியான்னு கேட்டேல்ல? இப்ப பாரு!"

பீரோவுல இருந்த ரம்பத்துல ஒண்ணை எடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. அதெல்லாம் எண்ணெயா இருக்கே, பழத்துல பட்டுறாதான்னு யோசிச்சேன். எவ்வளவு பெரிய அறிவாளி பாருங்க!

வாசல்ல சாக்கு விரிச்சு, பழத்தை வச்சு, ரம்பத்தை ஒரு இழு இழுத்தேன். பழமும் கூடவே வந்து என் மடியில உக்காந்துச்சு. தள்ளி வச்சு மறுபடி இழுத்தேன். மறுபடி மடியில.

காப்பி குடிச்சுக்கிட்டு இருந்த கருப்பையா சொன்னான். "மச்சான், பழம் உங்களை விடாது போல."

காலால அழுத்திப் புடிச்சேன். வீட்டுக்குள்ளேருந்து செல்வி சத்தம் போட்டா. "திங்கிற பழத்தையா மிதிக்கிறீங்க? எடுங்க காலை!"

கடைசியில கருப்பையா காப்பியைக் கீழ வச்சுட்டு, எதிர்ப்பக்கம் உக்காந்து பழத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். இழுத்தேன் பாருங்க! சர்ரு சர்ருன்னு இறங்குது. பத்தே இழுப்புல பாதிப் பழம். வாழ்க்கையில முதல் தடவையா ரம்பத்தால ஒரு பொருளை அறுக்கிறேன். நெஞ்சு நிமிந்துருச்சு.

"செல்வி, வந்து பாரு!"

அவ வந்தா. ரம்பம் நின்னுருச்சு.

இழுத்தேன், வரலை. மெதுவாத் தள்ளிப் பாத்தேன், போகலை. வெட்டின இடத்துலேருந்து வெள்ளை வெள்ளையாப் பிசின் வடிஞ்சு, தகடு ரெண்டு பக்கமும் அப்பிக்கிச்சு.

கருப்பையா என் மூஞ்சியை ஒரு மாதிரி பாத்தான். "மச்சான், எண்ணெய் தடவுனீங்கள்ல?"

இல்லைன்னு தலையை ஆட்டினேன்.

"எண்ணெய் தடவாமயா பலாப்பழத்துல இரும்பை வச்சீங்க? அக்கா! மச்சான் எண்ணெய் தடவலையாம்!"

வடகாட்டுல கத்தியிலயும் கையிலயும் எண்ணெய் தடவாம பலாப்பழத்தைத் தொட மாட்டாங்க. ஆறு மாசமா வாரா வாரம் அந்த ரம்பத்துக்கு எண்ணெய் தடவினவன் நான். ஒரே ஒரு நாள் துடைச்சேன். அன்னைக்குத்தான் அதைப் பலாப்பழத்துல இறக்கியிருக்கேன்.

பதட்டத்துல ஒரு சொம்புத் தண்ணியை எடுத்து ஊத்தினேன். பிசின் போகலை. ஈரம் மட்டும் தகட்டுல நின்னுச்சு. துரு கண்ணு முன்னாடி வந்து நிக்குது! வேட்டி முனையால துடைச்சேன். வேட்டி ஒட்டிக்கிச்சு. வேட்டியைப் புடிச்சு இழுத்தேன். விரலு ஒட்டிக்கிச்சு.

"இருங்க மச்சான், வாரேன்"னு கருப்பையா எந்திரிச்சுப் போனான். ரெண்டே நிமிசத்துல சரசு அக்கா வீட்டுலேருந்து அருவாளோட வந்தான். ரெண்டே நிமிசம்! கூடவே சரசு அக்காவும் தன் பங்கை வாங்க ஏனத்தோட வந்துட்டாங்க.

"அங்கிட்டு நகருங்க மச்சான். இந்தப் பக்கம் ஒரு போடு போட்டா பழம் பொளந்துரும்."

"அய்யோ மாப்ள, பல்லு!"

"யாரு பல்லு?"

"ரம்பத்துப் பல்லுடா! ரெண்டு பக்கமும் இருக்கு!"

சரசு அக்கா பழத்தைச் சுத்தி வந்து பாத்தாங்க. "எங்களுக்கு எந்தப் பாதி தம்பி? ரம்பம் இருக்கிறதா, இல்லாததா?"

சரியா பதினோரு மணி. போன் அடிச்சுச்சு.

எடுக்காம விட்டுருக்கணும். பழக்க தோஷம், எடுத்துட்டேன். போனும் கையோட ஒட்டிக்கிச்சு.

பெரியவர் சட்டையில கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டு நிமிந்து உக்காந்திருக்கார். முன்னாடி வெள்ளைத் துணி. அது மேல ஜோடியில அவர்கிட்ட மிச்சமிருந்த ரம்பம். அடேயப்பா, எவ்வளவு அழகு! பக்கத்துல இங்கிலீஷ் பேச அவர் மருமக. அவர் தலை குனிஞ்சு வணக்கம் சொன்னார். அருவாளுக்குப் பயந்து பழத்தை மடியில இழுத்து வச்சிருந்த நானும் குனிஞ்சேன். முள்ளு குத்துச்சு.

"ரம்பத்தைப் பாக்கலாமான்னு கேக்குறார்"னு அந்தம்மா சொன்னாங்க.

"இங்க டவர் சரியில்லைங்க"ன்னு சொல்லிக்கிட்டே கேமராவை அணைக்கப் போனேன். பிசின் விரலு வேற எதுலயோ பட்டு, பின்பக்கத்துக் கேமரா திறந்துக்கிச்சு.

மடியில இருந்த பழம் முழுசா அங்க தெரிஞ்சிருச்சு. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஏதோ கேட்டார்.

"அது என்ன பிராணின்னு கேக்குறார்."

"பிராணி இல்லைங்க. பழம்."

"பழமா? அவர் கொடுத்த ரம்பம் பழத்துக்குள்ளயா இருக்கு?"

"...ஆமாங்க."

வெள்ளைத் துணி மேல இருந்த ஜோடி ரம்பத்தை அவர் மெதுவாத் தன் பக்கம் நகர்த்திக்கிட்டார். என் கண்ணால பாத்தேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு அழுகை வந்துருச்சு.

"தள்ளுங்க"ன்னு ஒரு குரல். செல்வி. கையில நல்லெண்ணெய் பாட்டில்.

"கருப்பையா, ரெண்டு பக்கமும் விரிச்சுப் புடி. பலமா இல்ல, பதமா."

தகட்டோட ரெண்டு பக்கமும் எண்ணெயை ஒழுக விட்டா. உள்ளங்கையிலயும் தடவிக்கிட்டா. எண்ணெய் உள்ள இறங்கட்டும்னு கொஞ்ச நேரம் விட்டா. பெறகு பிடியைப் புடிச்சு, தொட்டில்லேருந்து புள்ளையைத் தூக்குற மாதிரி, அலுங்காம இழுத்தா. ரம்பம் வந்துருச்சு!

எண்ணெய்த் துணியால பல்லுப் பல்லாத் துடைச்சா. அந்தக் கொல்லர் பேரை மட்டும் பழைய பிரஷ்ஷால நோகாமத் தேச்சா. ஒரு கீறல் இல்லை, வளைவு இல்லை. அப்பாடான்னு நான் கையை நீட்டினேன்.

அவ கொடுக்கலை. "இம்புட்டு தூரம் வந்தாச்சுல்ல"ன்னு சொல்லிட்டு, அதே ரம்பத்தை மறுபடி பழத்துல வச்சா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். நாலே இழுப்பு. பழம் ரெண்டு பாதியா விழுந்துச்சு. சரசு அக்கா ஏனத்தை நீட்டிட்டாங்க.

போன் இன்னும் என் கையிலதான் ஒட்டியிருக்கு. பெரியவர் அத்தனையும் பாத்திருக்கார்.

"யார் அவங்கன்னு கேக்குறார்."

"என் மனைவிங்க."

"எத்தனை வருசமா ரம்பம் பிடிக்கிறாங்க?"

"இன்னைக்குத்தாங்க முதல் தடவை."

அவர் சிரிச்சார். நீளமா ஏதோ பேசினார். அந்தம்மாவும் சிரிச்சாங்க. "மத்த ரம்பத்தையும் அனுப்புறாராம்."

"செல்வி!"ன்னு நான் துள்ளின துள்ளுல பழத்துப் பாதி உருண்டு போச்சு.

"பார்சல்ல எழுதணும். அவங்க பேரை எழுத்து எழுத்தா சொல்லச் சொல்றார்."

"என் பேரு அவர்கிட்ட இருக்குமேங்க."

"உங்க பேரு இல்லைங்க. அவங்க பேரு."

போன வாரம் பார்சல் வந்துச்சு. கையெழுத்து போட்டு வாங்கினது செல்வி. ரம்பம் இப்ப அடுப்படி ஆணியில, எண்ணெய் மினுமினுப்போட தொங்குது. ஜோடி சேர்த்துப் பாக்கணும்னா நான் அவகிட்ட கேட்டுட்டுத்தான் எடுக்கணும். கையைக் கழுவிட்டு வரச் சொல்றா.

ஆக, வீட்டுல இப்ப பதினஞ்சு ஜப்பான் ரம்பம். பதினாலு என்னோடது. ஒண்ணு அறுக்குது.