கவர் எனக்கு, காகிதம் உனக்கு

“கேப்டன் ரயில்ல இறங்கிட்டாராம். இன்னும் கொஞ்ச நேரத்துல வாசல்ல வந்து நிப்பார்” என்று தொலைபேசியை வைத்த மேனேஜர், அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை வருஷமாகக் கேப்டனுக்குத் தான் என்னதான் எழுதிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்குத் தெரியாது.

மேனேஜர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பட்டம் மட்டும் ஓய்வு பெறவில்லை. உலகத்தில் பாதி நாடுகள் அவருடைய அலமாரிக்குள் இருந்தன. தபால்தலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தெடுக்கிறவர்களை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. தபால்தலையும் முத்திரையும் உறையோடு உறையாக இருக்க வேண்டும். அந்த உறை தபால் பைகளில் கசங்கி, கடல் கடந்து, முறையாக வந்து சேர வேண்டும். அதற்கு அங்கே ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். அவர் எழுத வேண்டுமென்றால் இங்கிருந்தும் யாராவது எழுத வேண்டுமே. அந்த இடத்தில்தான் மனைவி தேவைப்பட்டாள்.

கையெழுத்துப் போடுகிறவன் படிக்கக் கூடாது என்பது மேனேஜரின் அலுவலகக் கொள்கை. அதையே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வெற்றுத்தாளின் அடியில் கம்பீரமாகக் கையெழுத்திட்டு, “மேல ஏதாவது ரெண்டு வரி போட்டுடு” என்று மனைவியிடம் நீட்டுவார். பதில் வந்தால் உறையின் ஓரத்தைப் பிளேடால் கீறி, உள்ளிருப்பதை இடுக்கியால் உருவி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கொடுப்பார்.

“இந்தா. கவர் எனக்கு, காகிதம் உனக்கு.”

பல வருஷக் கடித நண்பரான கேப்டன் கொண்டுவரும் உறை லேசுப்பட்டதில்லை. அவருடைய தீவில் இருந்த ஒரே தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள். மூடிய அன்று கடைசியாக முத்திரை குத்திய உறை அது. வழியில் தொலைந்துவிடுமோ என்று கையோடு கொண்டுவருகிறார். தபாலில் வராத உறையை மேனேஜர் தொடமாட்டார். இதற்காக மட்டும் கொள்கையைச் சற்றுத் தளர்த்திக்கொண்டார். ஆல்பத்தின் கடைசிப் பக்கம் அதற்காகக் காலியாகக் காத்திருந்தது. அந்தப் பக்கத்தை நம்பித் தபால்தலைச் சங்கத்துக் கண்காட்சிக்கு அழைப்பிதழே அச்சாகிவிட்டது.

“நான் என்னெல்லாம் எழுதினேன்னு சுருக்கமா சொல்லிடட்டுமா?” என்று மனைவி கேட்டாள்.

“நான் எழுதின கடுதாசியை நீ எனக்குச் சொல்லித்தரப் போறியா?”

“சரிங்க” என்று அவள் தேநீர் போடப் போனாள்.

கேப்டன் மீசை முன்னே வர, பின்னால் வந்தார். அவருக்கும் பின்னால் அவர் மனைவி. மூன்று தலைமுறைக்கு முன் கப்பலேறிப் போன குடும்பம். பேச்சை மட்டும் கூடவே எடுத்துப் போயிருந்தார்கள். கேப்டனின் மனைவி நேராகப் போய் மேனேஜரின் மனைவியுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, முழங்கால் எப்படி இருக்கு?”

மனைவிக்கு முழங்கால் வலி என்பது மேனேஜருக்குப் புதிய செய்தி.

“சார், உங்க எழுத்து இருக்கே” என்று கேப்டன் ஆரம்பித்தார். “உங்க கடுதாசி வந்த அன்னிக்கு எங்க வீட்ல அடுப்பே எரியாது. படிச்சுப் படிச்சு ஒரே சிரிப்பு. திடீர்னு பார்த்தா அழுகை.”

“ஏதோ, மனசுல பட்டதை எழுதறேன்” என்றார் மேனேஜர், மனசில் ஒன்றும் படாமல்.

பதிலுக்கு எதையாவது கேட்டாக வேண்டும். தீவில் இருப்பவர்களுக்குத் தோட்டம் இல்லாமலா போகும்?

“உங்க தோட்டம் எப்படி இருக்கு?”

கேப்டனின் மீசை ஒரு கணம் அசையாமல் நின்றது. “தோட்டமா? பிரமாதம். நீங்க எழுதின மாதிரியே உரம் போட்டோம்.”

கேப்டனின் மனைவிக்குப் புரையேறியது. முதல் கல்லே காய் மேல் பட்டதில் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உங்க தம்பியோட தகராறு தீர்ந்துதா?” என்றார் கேப்டன்.

மேனேஜர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ருசிக்காக மனைவி ஒரு தம்பியைச் சேர்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். “தீர்ந்துடுச்சு. இப்ப ஒரே தட்டுல சாப்பிடறோம்.”

தேநீர்க் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்த மனைவியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

“அப்ப அவரையும் பார்த்துட்டே போறோம்.”

“ஊர்ல இல்லையே.”

“எங்க போயிருக்கார்?”

அந்த நேரத்தில் மேனேஜரின் தலைக்குள் இருந்தது ஒரே ஊர்தான். “உங்க தீவுக்குத்தான்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அடடே, அப்ப நம்ம வீட்லயே தங்கட்டும். தோட்டத்துல தனியா ஒரு ரூம் கட்டியிருக்கோம்.”

“எழுதியிருந்தீங்களே. ஜன்னலைத் திறந்தா கடல்னு.”

“ஆமாமா” என்றார் கேப்டன், கொஞ்சம் யோசித்து. “கடல்தான்.”

மூலையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களின் தோள்களும் குலுங்கின. மேனேஜர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. கேப்டன் பையைத் திறந்து உறையை வெளியே எடுத்திருந்தார். நீலத் தபால்தலையில் ஓர் ஆமை. அதன் முதுகில் பாதி ஏறி நின்ற கறுப்பு வட்ட முத்திரை, ஓர் எழுத்துகூடக் கலையாமல். மேனேஜரின் கைகள் தாமாக நீண்டன.

கேப்டன் உறையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். “ஒரு சின்ன ஆசை. நான் எழுதினதுலயே உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வரி எது? உங்க வாயால கேட்கணும்.”

மேனேஜர் வாயைத் திறந்தார். அலமாரியில் அத்தனை நாடுகள் இருந்தும் ஒரு வரி கிடைக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். உதட்டை லேசாக அசைத்தால் போதும், பிடித்துக்கொள்வார். அவளோ அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கை மறுபடியும் கேப்டனின் மனைவியின் கைக்குள் இருந்தது. இன்றுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களைப் போல ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒன்று தன் சேகரிப்பில் எங்குமே இல்லையே என்று மேனேஜருக்குத் தோன்றியது.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“தெரியாது, கேப்டன். உங்க கடுதாசி ஒண்ணுகூட நான் படிச்சதில்ல. எழுதினதும் நான் இல்ல. கையெழுத்து மட்டும்தான் என்னோடது. உங்க வீட்ல சிரிச்சதும் அழுததும் இவ எழுதினதுக்குத்தான். இவ இவ்வளவு நல்லா எழுதுவான்னு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது. எனக்குத் தம்பியும் கிடையாது. கவரை நீங்களே வெச்சுக்குங்க.”

கேப்டன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். உண்மையைச் சொன்னவரைவிடக் கேட்டவருக்கு அதிகமாக வியர்த்தது.

கேப்டனின் மனைவி எழுந்து வந்தாள். கணவன் விரலிடுக்கிலிருந்து உறையை உருவி, மேனேஜரின் மனைவி கையில் வைத்தாள்.

“எப்பவும் போல உள்ள இருக்கிறது உங்களுக்கு நான் எழுதினதுதான், அக்கா; எங்களுக்குத் தோட்டமே கிடையாது, நான்தான் எதையோ எழுதி வெச்சிருப்பேன்னு பயந்துக்கிட்டு இவரும் இவ்வளவு நேரம் தலையாட்டிட்டு இருந்தார்.”