ஃபிரிட்ஜுக்கு ஐம்பத்திரண்டு டிகிரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே ஃபிரிட்ஜைத் தவிர அனைவரும் நலம். தாங்களும் என் மகளும் தங்கள் ரிப்பேர் கடையும் நலமாயிருக்க விழைகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் என் வாய் சும்மா இருக்காது. அது எட்டு மாதத்துக்கு முன்பே தங்களுக்குத் தெரிந்துவிட்டது. எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் நான் தங்கள் தொழிலை "திருப்புளி பிடிக்கிற வேலைதானே" என்று சொல்ல, தாங்கள் பாதிச் சாப்பாட்டில் கைகழுவிவிட்டுக் கிளம்பினீர்கள் அல்லவா, அப்போது துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை மறந்து வைத்துவிட்டீர்கள். தொடாமலே சூட்டை அளக்கிற அந்தக் கருவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பத்திரமாக என்றால், உறையிலிருந்து எடுக்கவே இல்லை என்று அர்த்தம் கிடையாது.

போன வாரம் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராமல் பால் திரிந்துபோச்சு. "மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க"ன்னா உங்க அத்தை. "அவர் எதுக்கு, அவர் கருவிதான் இருக்கே"ன்னேன் நான். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதினவன் மாப்பிள்ளை. ஒரு எண்ணைக் காட்டினா போதும், அப்படியே நம்பி நோட்டில எழுதிடுவேன். விசையை அமுக்கினேன், சிவப்புப் புள்ளி விழுந்துச்சு. சுவர் இருபத்தொன்பது. டீ எழுபத்தொண்ணு. உங்க அத்தை நெத்தி முப்பத்துமூணு. "உனக்கு உடம்பு ஜில்லிட்டுப் போச்சு, போய்ப் படு"ன்னேன். "முதல்ல ஃபிரிட்ஜை ஜில்லாக்குங்க, அப்புறம் என்னைப் பார்க்கலாம்"னா. ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம் கையை நுழைச்சு அளந்தேன், ஐம்பத்திரண்டு! ஐயையோ, குளிர வேண்டிய பொருளுக்கு இவ்வளவு ஜுரமான்னு பதறிப்போய், பிளக்கைப் பிடுங்கி ஓய்வு கொடுத்தேன். மத்தியானத்துக்குள்ள ஐஸெல்லாம் உருகி சமையலறை பூரா தண்ணி. மீட்டர் இல்லாத தண்ணி, எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியல.

அதோட விட்டேனா? தரையைத் துடைச்ச கையோட சந்தேகம் அயர்ன் பாக்ஸ் மேல திரும்பிச்சு. ஸ்விட்சைப் போட்டு, நிமிர்த்தி வெச்சு, பளபளன்னு இருக்கிற அடித்தட்டை அளந்தேன். முப்பத்தாறு. பத்து நிமிஷம் கழிச்சும் முப்பத்தாறு. "இதுவும் செத்துப்போச்சு"ன்னேன். "பக்கத்துல கையைக் கொண்டுபோனாலே சுடுதுங்க"ன்னா உங்க அத்தை. "நீ சொல்றதை நம்பவா, எண் சொல்றதை நம்பவா?"ன்னு கேட்டு, நிரூபிக்கிறேன் பேர்வழின்னு போட்டிருந்த சட்டையைக் கழட்டி விரிச்சு, பெட்டியை அது மேல வெச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். இப்போ அந்தச் சட்டைக்கு முதுகுல அயர்ன் பாக்ஸ் வடிவத்துல ஒரு ஜன்னல் இருக்கு. நல்லவேளை, அந்த நேரம் என் முதுகு உள்ளே இல்லை.

உங்க அத்தை உடனே பொண்ணுக்குப் போன் போட்டு, மூச்சு விடாம எல்லாத்தையும் ஒப்பிச்சா. ஸ்பீக்கர்ல பொண்ணு சிரிக்கிறா, சிரிச்சுக்கிட்டே இருக்கா. அப்போ அவளுக்குப் பின்னாடி உங்க குரல் கேட்டுச்சு. "பளபளக்கிற உலோகத்தை நேரா அளக்கக் கூடாதுன்னு மாமாகிட்ட சொல்லு. எதிர்ல நிக்கிறவங்க சூட்டைத்தான் அது காட்டும். சூடு தாங்குற கறுப்பு டேப்பை ஒட்டி, டேப்பை அளக்கச் சொல்லு. ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி சூடு இருக்கத்தான் செய்யும், உள்ளே இருக்கிற சூட்டை அந்த வழியாத்தான் வெளியே தள்ளுது. ஆனா ஐம்பத்திரண்டு அதிகம். காத்து போக விடாம ஏதோ அடைச்சுக்கிட்டிருக்கு."

ஆக, பத்து நிமிஷமா நான் என் மூஞ்சியை அளந்து நோட்டில எழுதியிருக்கேன்! எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. நீங்க மட்டும் சிரிக்கலை, குரல்ல கோபமும் இல்லை. எட்டு மாசத்துல உங்க குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "மாமா"ன்னு வேற சொன்னீங்க. எந்த எண்ணை நம்பணும், எதை நம்பக் கூடாதுன்னு தெரிஞ்ச மனுஷனைப் பார்த்து நான் திருப்புளின்னு சொன்னது தப்பு மாப்பிள்ளை. இந்த வரியை நான் அடிக்கப் போறதில்லை.

பிளக்கை மாட்டியும் ஃபிரிட்ஜ் குளிரலை. ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து பார்க்கணும். உங்க அத்தை இப்பவும் மறதியா நாலு தட்டு எடுத்து வெச்சு, அப்புறம் ரெண்டை உள்ளே கொண்டுபோய் வெக்கிறா. எனக்கு அதைப் பார்க்க முடியலை.

குளிர வேண்டியது குளிர்ந்தும், சூடாக வேண்டியது சூடாகியும், தாங்கள் இருவரும் பல்லாண்டு சேர்ந்து வாழ ஆசீர்வதிக்கும்,

தங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதை உறையில போட்டப்புறம் ஒரு சந்தேகத்துல ஃபிரிட்ஜை முன்னால இழுத்துப் பார்த்தேன். சுவருக்கும் அதுக்கும் நடுவுல, நானே எப்பவோ செருகி வெச்ச பழைய பேப்பர் கட்டு. எடுத்துட்டேன். சாயங்காலத்துக்குள்ள உள்ளே நாலு டிகிரி. டேப் ஒட்டித்தான் அளந்தேன். ஆக, ஃபிரிட்ஜுக்கு ஒண்ணுமே இல்லை, நீங்க வந்து பார்க்க வேலையும் இல்லை. அதனால பேப்பர் கட்டை எடுத்த இடத்துலயே திரும்பச் செருகிட்டேன். உங்க அத்தைக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பால் கெட்டா கெடட்டும், நீங்க வந்து கண்டுபிடிங்க.