எண்பது வயதுக்கு ஒரு கிண்ணம் அறுபடாத நூடுல்ஸ்

குவாங்சோ,
எட்டாம் மாதம், ஆறாம் நாள்.

ஈப்போ நகரின் பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரராக வீற்றிருக்கும் பெரிய மச்சான் ஃபுங் கம்தோங் அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை லாய்க்கூனின் கணவன் மோக் யூக்சிங் இரு கையும் கூப்பி எழுதும் கடிதம்.

இந்த எழுத்தைக் காணும்போது என் முகத்தையே காண்பதாக நினைத்துக்கொள்ளவும். இடது புருவம் மட்டும் பாதி கருகியிருப்பதாகச் சேர்த்து நினைத்துக்கொள்ளவும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. முழுப் பொய்யாகிவிடும் என்பதால் முக்கால் நலம் என்று எழுதுகிறேன். தங்கள் அப்பா ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார். அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. இதோடு கடிதத்தை முடித்துவிட்டால் நான் நல்ல மருமகன். ஆனால் அவர் சம்மதித்தது என்னுடைய ஒரு மோசடியால். அது லாய்க்கூனுக்குக்கூடத் தெரியாது. மூத்த பிள்ளை நீங்கள், நீங்கள்தான் எனக்கு ஒரு வழி சொல்ல வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவின் குடலிறக்கம் உங்களுக்குத் தெரியும். போன மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை குடல் முறுக்கிக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரக்கூட நேரம் இருக்காது என்றார். நாங்கள் கெஞ்சினோம், மிரட்டினோம். மனிதர் அசையவில்லை. கடைசியில் ஒரு நாள் டீக்கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "எண்பது முடியட்டும். வீட்ல வதக்குன பிறந்தநாள் நூடுல்ஸ், ஒரு இழைகூட அறுபடாம ஒரு கிண்ணம் சாப்பிடுறேன். இழை எவ்வளவு நீளமோ ஆயுசும் அவ்வளவு நீளம். அப்புறம் எங்க வேணா வெட்டிக்கட்டும்" என்றார். ஓட்டலில் வாங்கித் தருகிறேன் என்றேன். "ஓட்டல்காரன் என் ஆயுசுக்கா வதக்குறான்? பில்லுக்கு வதக்குறான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். லாய்க்கூன் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவாள். ஆனால் அவளோ அதற்கு நாலு நாள் முன்புதான் மீன் கடை ஈரத்தில் வழுக்கி, வலது மணிக்கட்டு உடைந்து, கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் மிச்சம் இருந்த இரண்டு நல்ல கைகள் என்னுடையவை. அந்தக் கைகள் அறுபத்திரண்டு வருஷத்தில் தண்ணீரைத் தவிர வேறெதையும் கொதிக்க வைத்ததில்லை.

ஆகவே தங்களுக்கு எழுதினேன், தாங்களும் அன்போடு செய்முறை அனுப்பினீர்கள். அதைப் பற்றி மரியாதையோடு ஒரு வார்த்தை. "எண்ணெய் போதுமான அளவு" என்று எழுதியிருந்தீர்கள். யாருக்குப் போதுமான அளவு மச்சான்? "வாணலி நன்றாகக் காய்ந்ததும்" என்றீர்கள். எத்தனை டிகிரி? "நூடுல்ஸ் வேண்டிய பதத்தில்" என்றீர்கள். வேண்டிய பதம் தெரிந்தால் நான் ஏன் ஈப்போவுக்குக் கடிதம் போடுகிறேன்? முத்தாற்றுப் படகில் முப்பத்தொரு வருஷம் எஞ்சின் ஓட்டினேன். போதுமான அளவு டீசல், நன்றாகச் சூடானதும் புறப்படு என்று யாராவது எழுதி வைத்திருந்தால் படகும் பயணிகளும் நானும் இந்நேரம் ஆற்றுக்கடியில்தான் இருந்திருப்போம். முதல் நாள் கடையில் வாங்கிய வட்டமான உலர்ந்த நூடுல்ஸ் கட்டிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டு, பதம் வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பதம் வந்து, போய், அதற்கப்புறமும் நின்றேன். கஞ்சி ஆயிற்று. இரண்டாம் நாள் வடிகட்டாமல் ஈரத்தோடு எண்ணெயில் போட்டேன். அன்று போனதுதான் புருவம். மூன்றாம் நாள் வந்த புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு குவோங் அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, கேட்கக்கூட இல்லை, ஊற்றிவிட்டார். கெட்டுப்போனதை எல்லாம் மொட்டை மாடியில் அவர் வளர்க்கும் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் என் காலடிச் சத்தம் கேட்டதுமே அவை கூட்டுக்குள் போய்விட்டன.

பெரிய விபத்து ஆறாம் நாள் நடந்தது. லாய்க்கூனுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவளுடைய இரும்பு வாணலியை எடுத்து, சோப்புத் தூளும் கம்பி நாரும் போட்டு ஒன்றரை மணி நேரம் தேய்த்து, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளவென்று கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். பாராட்டு வரும் என்று நின்றேன்.

"இது யார் வாணலி?" என்றாள்.

"உன்னோடதுதான்."

"என்னோடது கருப்பா இருக்கும்."

"அழுக்கா இருந்துச்சு. தேய்ச்சுட்டேன்."

அவள் இடது கையால் வாணலியைத் தடவிப் பார்த்தாள். "அது அழுக்கு இல்லைங்க. இருபத்தொன்பது வருஷச் சமையல்" என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு நாள் அடுப்படிப் பக்கமே வரவில்லை. அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும், "என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வாங்கிக் குடுத்த வாணலி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். குவோங் அக்கா வாசலிலேயே என்னை மறித்து, "குடிச்சுட்டு வந்தான்னா மன்னிக்கலாம், சீட்டாடினான்னா மன்னிக்கலாம். வாணலிய சோப்புப் போட்டுத் தேச்சவனுக்கு மன்னிப்பு ஏதுப்பா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்தார். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. எஞ்சினில் மசகு எண்ணெய் முழுவதையும் துடைத்து எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா?

எட்டாம் நாள் காலையில் அவளே ஒரு துண்டு பன்றிக்கொழுப்பை எடுத்து வந்து, "அடுப்பப் பத்த வைங்க" என்றாள். அவள் இடது கையில் சாப்பாட்டுக் குச்சியால் கொழுப்பைப் பிடித்துத் தேய்க்க, நான் வாணலியைத் திருப்பிக் காட்ட, புகைய விட்டு, ஆற விட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி புகைய விட்டு, இரண்டு நாள் இதே வேலை. வாணலி தேன் நிறத்துக்கு வந்தது, பிறகு பழுப்பு. கருப்பு ஆக இன்னும் இருபத்தெட்டு வருஷம் ஆகும் என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் மச்சான். எனக்கு உயிர் வந்தது. பத்தாம் நாள் நான் வதக்கிய நூடுல்ஸை அவள் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "மனுஷங்க சாப்பிடலாம்" என்றாள். அன்று மாடிக் கோழிகளுக்கு ஒன்றுமில்லை.

பதினோராம் நாள் பிறந்தநாள். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டேன், லாய்க்கூன்கூட எட்டிப் பார்க்கக் கூடாது என்று. எண்ணெய் காய்ந்தது. காளான் போட்டேன், மஞ்சள் பூண்டுத்தழை போட்டேன், சோயா சாறு ஊற்றினேன், எல்லாம் சரியாகத்தான் வந்தது. நூடுல்ஸைப் போட்டதும் வாணலியின் ஒரு ஓரத்தில், புதுப் பூச்சு சரியாகப் பிடிக்காத இடம் போலிருக்கிறது, அப்படியே அப்பிக்கொண்டது. குச்சியால் மெல்லத் தூக்க வேண்டும், கரண்டியைத் தொடவே கூடாது என்று லாய்க்கூன் நூறு தடவை சொல்லியிருந்தாள். நான் கரண்டியால் சுரண்டினேன். பழக்க தோஷம், எஞ்சினில் கரி பிடித்தால் சுரண்டுகிறவன் நான். பார்த்தால் வாணலி முழுக்கத் துண்டு துண்டாக, என் மாமனாரின் ஆயுசு ஒரு விரல் நீளத்தில் கிடக்கிறது. மறுபடி செய்ய நூடுல்ஸ் கட்டி இல்லை. வெளியே அவர் கிண்ணத்தில் குச்சியால் தட்டுகிறார். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். துண்டுகளை எல்லாம் கிண்ணத்தின் அடியில் போட்டு அமுக்கி, முழுசாகப் பிழைத்திருந்த சில இழைகளைப் பொறுக்கி எடுத்து மேலே சுருள் சுருளாகச் சுற்றி வைத்து, தழையைத் தூவிக் கொண்டுபோய் இரு கையாலும் நீட்டினேன். அவர் மேலே இருந்த ஓர் இழையை உறிஞ்சினார். உறிஞ்சிக்கொண்டே இருந்தார். பிறகு தலை குனிந்து கிண்ணத்தைக் காலி செய்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி. டாக்டர்ட்ட சொல்லிடு" என்றார். லாய்க்கூன் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அவள் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

நான் சாஸ்திரம் பார்க்கிறவன் அல்ல, ஆனால் அவர் பார்க்கிறவர். கத்திக்குக் கீழே படுக்கப் போகிற மனிதருக்குத் துண்டு ஆயுளைக் கொடுத்து, முழு ஆயுள் என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் வர மாட்டார், குடல் முறுக்கிக்கொள்ளும். சொல்லாமல் இருந்து ஆஸ்பத்திரியில் ஏதாவது ஆனால் அந்தக் கரண்டியை எப்படி மறுபடி தொடுவேன்? சொல்லவா, மறைக்கவா, இல்லை ஏதாவது சாக்குச் சொல்லி இன்னொரு கிண்ணம் வதக்கவா? அப்படியானால் எண்ணெய் எத்தனை கரண்டி என்று எண்ணால் எழுதவும்.

மதனிக்கு என் வணக்கம். பிள்ளைகள் படிப்பில் முன்னேறட்டும். தங்கள் அடுப்பு என்றும் அணையாமல், தங்கள் கால் மூட்டு வலி மட்டும் குறையட்டும் என்று வேண்டும்,

தங்கள் பணிவுள்ள
மோக் யூக்சிங்

பி.கு.: கம்தோங், இது அப்பா. டீக்கடைக்குப் போகிற வழியில் தபாலில் போடச் சொல்லி யூக்சிங் கொடுத்தான். உறையைச் சரியாக ஒட்டவில்லை. ஒட்டியிருந்தாலும் பிரித்திருப்பேன். எனக்கு நூடுல்ஸும் வேண்டாம், சாஸ்திரமும் வேண்டாம். கத்தி என்றால் பயம், அவ்வளவுதான். இவனுக்கு இந்த ஜென்மத்தில் வதக்க வராது, நானும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் கேட்டு வைத்தேன். பதினோரு நாள் அவன் அடுப்படியில் இருமிக்கொண்டே நின்றான். அதற்கு மேல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாட்டேன் என்பது? கிண்ணத்தில் நீளமாக இருந்தது மொத்தம் ஏழே இழை. எண்பது வயசில் அதுகூடவா தெரியாது? துண்டுகளில் உப்பு கொஞ்சம் தூக்கல், மற்றபடி நன்றாக இருந்தது. அவனுக்கு இதையெல்லாம் எழுதிவிடாதே. நான் மூச்சு விடுகிறேனா என்று தினமும் விடிந்ததும் வந்து எட்டிப் பார்க்கிறான். பார்த்த கையோடு போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு டீ ஊற்றித் தருகிறான், அவனும் குடிக்கிறான், எஞ்சின் கதை எல்லாம் சொல்கிறான். இருபத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இப்போதுதான் பேசுகிறோம். ஆபரேஷனுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. அதைக் கெடுத்துவிடாதே.